அலையிடம் கொடுத்த மஞ்சள் பை

சங்குமேட்டுக் கடற்கரையில் பாஸ்போர்ட், நகை, பணம் எல்லாவற்றையும் அலையிடம்தான் கொடுத்து வைப்பார்கள் என்று எனக்கு முதலில் சொன்னது பின்வீட்டு விசாலாட்சி. போன கார்த்திகை தீபத்தன்று, அகலுக்குத் திரி போட்டுக்கொண்டே சொன்னாள். "லாட்ஜ் பூட்டை நம்பாதீங்க கோமளாக்கா. அது எந்தச் சாவிக்கும் திறக்கும். அலை அப்படி இல்ல." நீங்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் சொல்கிறேன்.

எனக்கு பாஸ்போர்ட் புதிதாக வந்திருந்தது. மகள் யமுனா மஸ்கட்டில் இருக்கிறாள். தலைப்பிரசவம். விமானத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவள் இங்கே வர முடியாது, நான்தான் போக வேண்டும். மருமகன் தங்கமான பிள்ளை. ஆனால் அவர் வைத்த கஞ்சியை அவரே குடிக்கமாட்டார். "வலி எடுக்கறதுக்குள்ள வந்துடும்மா" என்று ஒவ்வொரு போனிலும் சொல்வாள். தைரியமான பெண்தான். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் சின்னப்பிள்ளைக் குரலாகிவிடும்.

போவதற்கு முன்னால் கடலில் ஒரு முழுக்குப் போடுகிறேன் என்று வேண்டியிருந்தேன். என் வீட்டுக்காரர் தணிகாசலம், "முழுக்குக்குன்னே போவானேன், ரெண்டு நாள் தங்கிட்டு வருவோம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்கேயும் போய்த் தங்கினதில்லை. பூட்டின வீட்டில் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. பாஸ்போர்ட், விமான டிக்கெட், பேரப்பிள்ளைக்குச் செய்த தங்கக் காப்பு எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, இடுப்போடு அணைத்துக்கொண்டே போனேன்.

கடற்கரையில் செங்கமலம் என்று ஒரு அம்மாள் பனையோலைக் குடைக்கடியில் உட்கார்ந்திருக்கிறார். பொருளை அலையிடம் ஒப்படைப்பது அவர்தான். அலைக்கு முகம் பார்த்து ஆள் தெரியாது. ஈரத்தில் எல்லா முகமும் ஒன்றுபோலத்தானே இருக்கும். அதனால் பேரும் நட்சத்திரமும் சொல்ல வேண்டும். யார் பேருக்குக் கொடுக்கிறோமோ அவர் கையில்தான் அலை திருப்பிக் கொடுக்கும். வேறு யார் கெஞ்சினாலும் கொடுக்காது.

எங்கள் முறை வந்தது. செங்கமலம் ஒரு நடுத்தர அலையாகப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினார். பையை வாங்கிக்கொண்டு, "யாரு பேருக்கு?" என்றார்.

"யமுனா, ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசி" என்றேன்.

கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்களும் இதைத்தான் கேட்பார், நானும் இதைத்தான் சொல்வேன். யமுனா, ரோகிணி. அப்புறம் ஓசூரில் இருக்கிற மகன் குமரேசன், உத்திரம். வேறு பேர் என் வாயில் வந்ததில்லை. கடல் இரைச்சலில் கேட்காமல் போய்விடப் போகிறதே என்று அன்றைக்கு நன்றாகச் சத்தமாகவே சொன்னேன். அலை பையை மடியில் வாங்கிக்கொண்டு போனது.

முழுக்குப் போட்டேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நண்டு துரத்தினார். ஒன்றும் அகப்படவில்லை. சாயங்காலம் பையைக் கேட்கப் போனோம். செங்கமலம் கடலை ஒரு பார்வை பார்த்தார்.

"அது கிளம்பிப் போயிடுச்சேம்மா. ரோகிணிக்காரங்க எங்க இருக்காங்க?"

"மஸ்கட்டுல."

"அங்க கடல் உண்டா?"

"ஜன்னலைத் திறந்தா கடல்தானாம்."

"அப்பச் சரி. பத்திரமாப் போய்ச் சேர்ந்துடும்" என்று குடையை மடக்கினார்.

நான் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை விமானம். பாஸ்போர்ட் இல்லாமல் ஏற விடமாட்டார்கள். அது எனக்கு முன்னாலேயே போய்விட்டது என்று சொன்னாலும் விடமாட்டார்கள். "முருகா" என்றேன். என் வீட்டுக்காரர் திட்டவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எழுந்திரு, மணல் ஈரமா இருக்கு" என்றார்.

மறுநாள் காலையில் செங்கமலத்தின் குடைக்கடியில் நின்றுகொண்டிருக்கும்போதே யமுனாவின் போன் வந்தது.

"அம்மா, உன் மஞ்சப்பை வந்திருக்கு. அலை வாசல் வரைக்கும் வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டுக் குடுத்துச்சு. உன் போட்டோ வந்துடுச்சு, நீ வரல. என் பேரைச் சொன்னியா?"

"வாயில வந்துடுச்சுடி."

"உனக்குன்னு ஒரு பேரு இருக்கும்மா. பாஸ்போர்ட்ல அடிச்சிருக்கு பாரு, கோமளவல்லின்னு." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "காலையிலேர்ந்து இடுப்பு கடுக்குதும்மா. நீ வந்துடுவேல்ல?"

"வந்துடறேன்டி கண்ணு."

"அப்ப அலையை நிறுத்தி வெச்சிருக்கேன், அதுகிட்டயே பையைத் திருப்பி அனுப்பறேன். உன் நட்சத்திரம் சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. எங்கள் அம்மா எப்போதோ சொல்லியிருப்பாள். நான் எங்கேயும் சொல்லாததால் அது நாக்கிலிருந்து போய்விட்டது. என் வீட்டுக்காரர் போனில் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டுப் பார்த்தேன். அவனுக்கு அவன் பிள்ளைகளுடையது மட்டும்தான் தெரிந்தது. செங்கமலத்தைப் பார்த்தேன்.

"தெரியலைன்னா சுவாமி பேருக்குன்னு சொல்லலாம்மா" என்றார். "ஆனா அது சுவாமிகிட்டதான் போகும். அவரு தரமாட்டாருன்னு சொல்லல. எப்பத் தருவாருன்னு சொல்ல முடியாது."

அது உண்மைதான். சுவாமியிடம் நான் எவ்வளவோ கேட்டிருக்கிறேன், தந்திருக்கிறார், அவருடைய நேரத்துக்கு. இடுப்பு வலிக்கு அப்படிக் காத்திருக்கத் தெரியாது.

"அம்மா, சீக்கிரம் சொல்லு" என்றாள் யமுனா. "அலை கால் மாத்திக் கால் மாத்தி நிக்குது."

"சதயம்" என்றார் என் வீட்டுக்காரர். வேர்க்கடலை உரித்துத் தோலை ஊதிக்கொண்டிருந்தார். "கும்ப ராசி."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"பொண்ணு பாக்க வந்தப்ப உங்கப்பா சொன்னாரு."

"அது எந்தக் காலம்! இன்னுமா ஞாபகம் இருக்கு?"

"எப்படி மறக்கும்? செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை கோயில்ல சொல்றேனே."

செவ்வாய்க்கிழமை பால் வாங்கப் போனால் அவர் நேரம் கழித்துத்தான் வருவார். டீக்கடையில் அரசியல் பேசிவிட்டு வருகிறார் என்று நான் இரைவேன். நெற்றியில் விபூதி இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டேதான் இரைவேன்.

"எனக்காக என்ன வேண்டிக்குவீங்க?"

"வேண்டறதெல்லாம் நீ பாத்துக்கற. நான் பேரை மட்டும் சொல்லிட்டு வந்துடுவேன்."

உரித்த கடலையை என் கையில் கொட்டினார். போனில் யமுனா அலையிடம், "கோமளவல்லி, சதய நட்சத்திரம், கும்ப ராசி" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்வது கேட்டது. என் பேரை அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

லாட்ஜில் அறைக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டதால் அன்றைக்கே ஊருக்குத் திரும்பினோம். அரக்கோணத்தில் கடல் இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் ஒரு பேருக்கென்று பொருளை வாங்கிக்கொண்ட அலை அந்தப் பேரைத் தேடித்தான் வரும். இன்று காலை நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது தெருமுனையில் திரும்பி வந்தது. ரயில்வே கேட்டில் மற்றவர்களோடு நின்று, ரயில் போன பிறகுதான் கடந்ததாம். பால்காரர் சொன்னார். கோலத்தில் ஒரு ஓரம்தான் அழிந்தது. பையை என் கையில் கொடுத்தது. பாஸ்போர்ட் நனையவே இல்லை. காப்பை யமுனா எடுத்துக்கொண்டு, அப்பாவுக்குப் பேரீச்சம்பழம் வைத்திருந்தாள். போன் செய்து கேட்டேன். வலி இன்னும் எடுக்கவில்லையாம். நாளைக்கு விமானம்.

அதனால் நீங்கள் கொடுக்கும்போது உங்கள் பேரையே சொல்லுங்கள். நட்சத்திரத்தை வீட்டில் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அலைதான் பாவம். மஸ்கட் வரை போய்த் திரும்பி, கடல் இல்லாத ஊருக்கு வந்து சேர்ந்ததில் சோர்ந்துவிட்டது. என் பேரைப் பிடித்துக்கொண்டு வந்ததே தவிர, திரும்பிப் போக அதற்கு வழி தெரியாது. பின்கட்டில் அண்டாவுக்குள் படுத்திருக்கிறது. என் வீட்டுக்காரர் கல் உப்பு கரைத்து ஊற்றினார், கொஞ்சம் தெளிந்திருக்கிறது. சனிக்கிழமை நீங்கள் சங்குமேடு போகும்போது அதையும் கூட்டிக்கொண்டுபோய்ச் செங்கமலத்திடம் விட்டுவிடுங்கள். பஸ்ஸில் அண்டாவை ஜன்னல் ஓரமாக வையுங்கள். மூடி மட்டும் போட வேண்டாம்.