பூசணித்தலையனை எங்கே நடுவது?

1

இந்தக் கதை பொள்ளாச்சிப் பேருந்தின் சன்னல் வழியாக எனக்குக் கிடைத்தது. கொழிஞ்சாம்பாறை தாண்டி ஒரு தோட்டத்தில் சூரியத் தகடுகள். அவற்றுக்கு முன்னால் கழியில் ஒரு வைக்கோல் ஆள். பூசணிக்காய்த் தலை, துருத்திய சிவப்பு நாக்கு. பேருந்து வேகமெடுத்துவிட்டது. மீதியெல்லாம் என் கற்பனை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “பனி பெய்துகொண்டிருந்தது. செல்வப்பிரியா தன் கோட்டின் காலரை…”

(அடித்துவிட்டேன். மொழிபெயர்ப்பு நாவல்களாகவே படித்தால் இப்படித்தான். இது மாசி மாத வெயில். செல்வப்பிரியாவிடம் கோட்டு இல்லை. கணவனின் பழைய முழுக்கைச் சட்டைதான் இருக்கிறது.)

2

மறுபடி.

செல்வப்பிரியாவின் மாடுகளுக்குத் தீவனப்புல் வேண்டும், புல்லுக்குத் தண்ணீர் வேண்டும். டீசல் எஞ்சின் கக்கும் புகை போதும் என்று கணவன் ஆனந்தகுமாரோடு மல்லுக்கட்டி, சூரிய மோட்டாரை வரவழைத்தவள் அவள்தான். முதல் நாள் தண்ணீர் குழாயைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. ரோட்டில் போனவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள்.

அங்கேதான் வினை.

“ஊர்க் கண்ணு பூராவும் நம்ம தோட்டத்து மேலதான் புள்ள,” என்று சொல்லி ஆனந்தகுமார் தகடுகளுக்கு முன்னால், ரோட்டைப் பார்த்தாற்போல், பூசணித்தலையனை நட்டான்.

தண்ணீர் குறைந்தது.

“பாத்தியா, கண்ணு எத்தன கடுசுன்னு!”

இன்னும் பெரிய பூசணிக்காய் வந்தது. தண்ணீர் இன்னும் குறைந்தது. தலையனுக்குக் கைகள் முளைத்தன. கைகளில் கிழிந்த சேலைகள் தொங்கின.

(இவன் முட்டாளாகத் தெரிகிறானோ என்று சந்தேகப்பட்டேன். ஆனால் கெட்டுப்போன வாக்கியத்தின்மேல் இன்னொரு உவமையைக் கட்டித் தொங்கவிடுகிற நான், அவனைப் பார்த்துச் சிரிக்க முடியாது.)

3

புல் நுனி கருகியது.

“நாளைக்குள்ள தொட்டி ரொம்பலீன்னா பழைய எஞ்சினையே எறக்கிருவேன். பொறவு என்னையக் குத்தஞ் சொல்லாத.”

“எறக்குங்க. பொகையையும் நீங்களே குடிச்சுக்குங்க.”

சூரியன் நம்பிக்கையின் —

(இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும்.)

கோபத்தோடு அவள் தகடுகளைத் துடைக்கப் போனாள். எட்டாத மூலைக்காகக் குனிந்தபோது, தொட்டியில் விழும் தண்ணீரின் சத்தம் தேய்ந்தது. நிமிர்ந்தாள், சத்தம் கூடியது. மறுபடி குனிந்தாள், தேய்ந்தது. பிறகு மெதுவாகத் திரும்பித் தலையனைப் பார்த்தாள். அவனுடைய நிழல் தகடுகளின்மேல் கைகளை விரித்துப் படுத்திருந்தது.*

* தகடுகள் ஒன்றோடொன்று கோத்தவை. ஒன்றின்மேல் நிழல் விழுந்தால் மற்றவையும் சுணங்கும், வீட்டில் ஒருவர் முகம் வாடினாற்போல. (பாருங்கள், மறுபடியும் உவமை.)

4

முதல் முடிவு: அவன் பால் ஊற்றப் போன நேரத்தில் அவள் தலையனை அடுப்பில் வைக்கிறாள். பயனில்லை, திரும்பி வந்ததும் இன்னொன்றை நட்டுவிடுவான்.

இரண்டாவது: கம்பெனி ஆள் வந்து விளக்குகிறார். கதை பாடப்புத்தகமாகிவிடும்.

மூன்றாவதை அவளே தொடங்கிவிட்டாள்.

“ஏனுங்க, இங்க வாங்க. பொம்மையப் புடுங்கி அக்கட்டால கொஞ்சம் நில்லுங்க.”

“எதுக்கு?”

“கண்ணு பட்டா எம்மேல படட்டும். புடுங்குங்க.”

பிடுங்கினான். நகர்ந்தான். தண்ணீர் கொட்டியது. வெறுமனே, உவமையில்லாமல், கொட்டியது.

அவன் கையிலிருந்த தலையனைத் திருப்பிப் பார்த்தான். “அடப் பாவி,” என்றான் பூசணிக்காயிடம்.

“அதென்ன பண்ணும்? நட்டவரச் சொல்லுங்க.”

“செரி, அதுக்குன்னு காவலில்லாம உடறதா?”

“ஆரு உடச்சொன்னா? பின்னால நடுங்க.”

“பின்னால நட்டா ரோட்டுல போறவனுக்கு எப்படிடி தெரியும்?”

நியாயமான கேள்வி. அவள் ரோட்டைப் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

5

நான் போன பேருந்து எப்போதோ போய்விட்டது. இப்போது சன்னலோரத்தில் நீங்கள். ஆனந்தகுமார் தலையனைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரப்பில் அலைகிறான். ஓரிடத்தில் ஊன்றுகிறான், நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்கிறான், பிடுங்குகிறான். “இன்னுங் கொஞ்சம் தள்ளுங்க!” தொட்டியருகே செல்வப்பிரியா சத்தத்துக்குக் காது கொடுத்து நிற்கிறாள். தொட்டி நிறைந்து, தண்ணீர் புல்லுக்குள் இறங்குகிறது.

எங்கே நட்டால் அந்த நாக்கு முதலில் கண்ணில் படும் என்பது ரோட்டிலிருந்து பார்க்கிற உங்களுக்குத்தான் தெரியும். கைநீட்டிக் காட்டுங்கள். பேருந்தை நான் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறேன்.