பலகையில் இரண்டு பேர்

ஓசூரில் செயற்கைக்கோள் செய்கிற கம்பெனிக்கும் திருஷ்டிப் பூசணிக்காய் வேண்டும். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கோள் பெட்டிக்குள் போனதும், ஏவுதளத்துக்குக் கொண்டுபோகும் லாரிக்கு முன்னால் பலகை போட்டு, திட்டத் தலைவர் ஜோடியாக உட்கார்ந்து சங்கல்பம் செய்வது வழக்கம். இதுவரை மூன்று கோள்கள், மூன்று தலைவர்கள், மூன்று பட்டுப்புடவைகள். மூன்று போட்டோக்களும் வரவேற்பறைச் சுவரில் தொங்கின.

நான்காவது கோளுக்குத் தலைவி மோகனப்ரியா, கல்லாவி ஊர்க்காரி. வயது முப்பத்தாறு. தரப் பரிசோதகர் சரிதாவோடு ஆறு வருடமாகக் குடும்பம் நடத்துகிறாள். வீட்டு ஓனரிடம் "அத்தை பொண்ணு" என்றும் கம்பெனியில் "ரூம்மேட்" என்றும் சொல்லி வைத்திருந்தாள். எதை எங்கே சொன்னோம் என்பதில் ஒருநாளும் தவறியதில்லை.

பூஜையன்று காலையில் முதலாளி தங்கதுரை கூப்பிட்டார். தூத்துக்குடிக்காரர். யார் மனமும் நோகாமல் பேசுவதாக அவருக்கு ஒரு நம்பிக்கை.

"தப்பா நெனைச்சுக்கிடாதீங்கம்மா. பலகையில ஜோடியாத்தான் உக்காரணும். உங்களுக்கு அடுத்தபடியா ஹரீஷ்குமார் இருக்காருல்லா, அவரும் சம்சாரமும் உக்காரட்டும். நீங்க பக்கத்துல நில்லுங்க. போட்டோவுல விழுவீங்க."

"சரிங்க சார்."

சொல்லிவிட்டு நேராகச் சரிதாவிடம் போனாள். நான்கு வருட உழைப்பு. கோளில் எந்தத் திருகு எங்கே இருக்கிறது என்று தூக்கத்திலும் சொல்வாள். பலகையில் உட்கார அது போதாதாம், புருஷன் வேண்டுமாம்.

சரிதா கையுறையைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டாள்.

"நீ இன்னா சொன்ன?"

"சரின்னு சொல்லிட்டன்."

"நல்லது. நீ பக்கத்துல நில்லு. நான் கூட்டத்துல நிக்கறன்."

அந்தக் கம்பெனியில் ஒற்றை ஆள் செய்த வேலைக்கு மதிப்பே கிடையாது. செய்தவர் "முடிஞ்சுது" என்று சொல்ல வேண்டும். கூட நின்றவர் "பாத்தன், சரி" என்று சொல்ல வேண்டும். பிறகு இருவரும் பதிவேட்டில் அருகருகே பெயரெழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். விதியை எழுதியவளே மோகனப்ரியாதான். நான்காவது கோளுக்கு நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். எல்லாவற்றிலும் மோகனப்ரியா, சரிதா.

முந்தைய நாள் பூசாரி ஆஞ்சப்பன் வந்து, பலகையில் உட்காரும் ஜோடியின் பெயர் கேட்டிருக்கிறார். ஆபீஸ் ராசாத்திக்குத் தலைக்கு மேல் வேலை. "எல்லாம் இதுல இருக்குது, பாத்து எழுதிக்கோங்க" என்று பதிவேட்டைத் தள்ளிவிட்டாள். ஆஞ்சப்பன் பொறுப்பானவர். ஐம்பது பக்கம் புரட்டிப் பார்த்து, சந்தேகம் தீர்ந்த பிறகுதான் எழுதிக்கொண்டார்.

மதியம் லாரி தயாராக நின்றது. போகிற வழியில் சானமாவுக் காட்டில் யானை நடமாட்டம், நாலு மணிக்குள் தாண்டிவிடுங்கள் என்று தகவல் வந்திருந்தது. ஹரீஷ்குமாரும் மனைவி சுஜாதாவும் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆஞ்சப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டைப் படித்தார்.

"மோகனப்ரியா, சரிதா. ரெண்டு பேரும் பலகைக்கு வாங்க."

"பூசாரி, அது தப்பா எழுதியிருக்கு" என்றார் தங்கதுரை.

"காலையிலயே இந்தப் பேருக்குத்தான் அர்ச்சனை பண்ணிட்டங்க. மாத்தறதுன்னா வேற நாள் பாக்கணும்."

"நாள் பாக்கறதுக்குள்ள யானை வந்துருங்க" என்றார் லாரி டிரைவர்.

எல்லோரும் மோகனப்ரியாவைப் பார்த்தார்கள். தப்புதான் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது, ஆறு வருடப் பழக்கம். கூட்டத்தின் கடைசியில் சரிதா தலை குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோகனப்ரியாவுக்கு வெட்கமாகப் போயிற்று. சரிதாவை நினைத்து அல்ல, தன்னை நினைத்து.

"தப்பில்லைங்க சார். சரியாத்தான் எழுதியிருக்காரு. சரிதா என் ரூம்மேட் இல்லைங்க. என் வீட்டுக்காரி."

தங்கதுரை வாட்சைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், பூசணிக்காயைப் பார்த்தார். எதிலிருந்தும் யோசனை கிடைக்கவில்லை.

சுஜாதாதான் முதலில் எழுந்தாள். "எனக்குக் கால் மரத்துப்போச்சு. நீங்க உக்காருங்கக்கா." அவள் உட்கார்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஹரீஷ்குமாரும் எழுந்துகொண்டான்.

மோகனப்ரியா போய்ப் பலகையின் ஒரு பாதியில் உட்கார்ந்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல், தெரிந்ததைச் சொன்னாள்.

"முடிஞ்சுது."

கூட்டம் விலகி வழிவிட்டது. சரிதா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, மறு பாதியில் உட்கார்ந்தாள்.

"பாத்தன்" என்றாள். "சரி."