ரிலீவர்

கிருபாகரன் நகவெட்டி கேட்டான். ஜன்னல் மேடையில் இருக்கும் என்று பிரிசில்லா அடுப்படியிலிருந்தே சொன்னாள். இரண்டாம் ஷிப்டு வாரம் அது. சாப்பிட்டு முடித்து, கம்பெனியின் சாம்பல் நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்து இடது கை நகங்களை வெட்டினான். பிறகு நகவெட்டியை இடது கைக்கு மாற்றிப் பிடித்தவன், கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் தெருமுனையில் கம்பெனி பஸ் ஹார்ன் அடித்துவிட்டது. நகவெட்டியைப் படியிலேயே வைத்துவிட்டு, ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டு கிளம்பினான். ஒரு கையோட வுட்டுட்டுப் போறியே என்று அவள் கேட்டதற்கு, எப்போதும் போல ஒரு ‘ம்’. படியில் கிடந்த நகத் துணுக்குகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு, அவளும் மாமல்லபுரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அவன் மேற்கே, சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டைக்கு. அவள் கிழக்கே, கடற்கரைக்கு. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் எதிரெதிர்த் திசையில்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒரு ரிசார்ட்டின் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. உள்ளே நுழையும்போதே போன்களை வாங்கி ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆனால் ஒரே ஜோடியாக விட்டால் பேசிப் பழகிவிடுவார்கள் என்று சூப்பர்வைசர் பக்தவத்சலம் தினமும் ஆளை மாற்றிப் போடுவார். அன்று மாலை எதிர்முனையில் நின்ற பெண்ணின் பெயர்கூட பிரிசில்லாவுக்குத் தெரியாது. பெட்டிக்குள் அவள் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. இருட்டும் நேரத்தில் பக்தவத்சலமே வந்து பெட்டியைத் திறந்து போனை எடுத்துக் கொடுத்தார். திட்டாமல் கொடுத்தார். அதிலேயே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. கிருபாகரன் கார் சீட்டு பூட்டும் லைனில் நின்றபடியே சரிந்து விழுந்ததும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டதும் அவன் கூட வேலை செய்த அத்தனை பேருக்கும் தெரிந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்தபோது அவள் முதலில் பார்த்தது அவன் முகத்தை அல்ல, வலது கையை. அந்த நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. முனைகூட உறுத்தாமல் தேய்த்துவிட்டிருந்தது. யாரோ பொறுமையாக உட்கார்ந்து செய்த வேலை. அழுகைக்கு நடுவிலும் அவள் அந்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அங்கிருந்தவர்கள் அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுவதாக நினைத்துக்கொண்டார்கள்.

லைன் ஆட்கள் கம்பெனி பஸ்ஸிலேயே வந்து இறங்கினார்கள். எல்லோரும் அதே சாம்பல் சட்டை. “மைக்கு, எயிந்து ஒரு வார்த்த பேசு மைக்கு” என்று ஒருவன் சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு கதறினான். எந்த மைக்கு என்று அவளுக்குப் புரியவில்லை. வாய் ஓயாமல் பேசுவான் என்பதால் கிருபாகரனுக்கு லைனில் அதுதான் பெயராம். மேனேஜர் நடப்பதுபோல நடந்து காட்டுவானாம். மெஷின் சத்தத்தையும் மீறிப் பாடுவானாம். வீட்டில் அவனிடமிருந்து ஒரு முழு வாக்கியம் வாங்க அவள் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருப்பாள். உடம்பெல்லாம் வலி, அதனால் பேசுவதில்லை என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். பேச்சு இல்லாதவன் இல்லை. பேச்சை அங்கே கொடுத்து முடித்துவிட்டு வந்திருக்கிறான் என்பது அவன் பெட்டிக்குள் படுத்த பிறகு தெரிந்தது. பெட்டியைப் பிடித்துக் கதறியவன் பெயர் ஞானதாஸ்.

அதன் பிறகு ஞானதாஸ் ஞாயிறுதோறும் பூசை முடிந்து வீட்டுக்கு வரத் தொடங்கினான். படூரில் கல்லூரியில் படிக்கும் மகள் ஷாரோன் அவனைச் சித்தப்பா என்று கூப்பிட்டாள். அப்பா அங்கே என்ன பேசுவார், எப்படிச் சிரிப்பார் என்று கேட்டுக் கேட்டு வாங்குவாள். அவன் எழுந்து நின்று கிருபாகரன் மாதிரியே கையை ஆட்டிக் காட்டுவான். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாள். பிரிசில்லா உள்ளே போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். இன்னொரு பெண் என்றிருந்தால் தலைமுடியைப் பிடித்து ஒரு சண்டை போட்டிருக்கலாம், ஊரும் அவள் பக்கம் நின்றிருக்கும். ஒரு ஆண்பிள்ளை, புருஷனின் சிநேகிதன், துக்கம் விசாரிக்க வருகிறவன். அவன்மேல் வயிறு எரிகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? அவளுக்கு வேலை செய்யும் இடத்தில் அப்படி ஒருவர் இல்லை என்பதும் சேர்ந்து எரிந்தது. அவள் அங்கே விழுந்தால் எதிர்முனையில் நிற்கிறவள் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட மாட்டாள்.

கல்லறைத் திருநாள் வந்தது. அவன் போன பிறகு வரும் முதல் திருநாள். முந்தின நாள் மதியம் அரைநாள் லீவு கேட்டு, பக்தவத்சலத்திடம் நாலு வார்த்தை வாங்கிக்கொண்டு, சுண்ணாம்பு வாளியும் மட்டையும் துடைப்பமுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். வானம் மூட்டமாக இருந்தது. சுற்றிலும் குடும்பம் குடும்பமாகப் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு வேலையை அவள் யாருக்கும் விடுவதாக இல்லை. ஷாரோனைக்கூட வரச் சொல்லவில்லை. அவன் மேல் கிடக்கிற புல்லையாவது தன் கையால் பிடுங்க வேண்டும் என்று ஒரு மாதமாக நினைத்து வைத்திருந்தாள்.

கல்லறையில் ஒரு புல் இல்லை. வெள்ளை அடித்து, சிலுவையில் பெயரைக் கறுப்பில் புதுப்பித்து, மண்ணைச் சமன்செய்து சிமெண்டும் பூசியிருந்தது. அந்தச் சிமெண்டுத் தரையில், கல்லறையைச் சுற்றி, பளீரென்று மஞ்சள் பெயிண்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கோடு. நூல் பிடித்ததுபோல் நாலு பக்கமும் நேராக ஓடி, மூலைகளில் சரியாகச் சேர்ந்திருந்தது. ஞானதாஸ் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு ஆடுகளை விரட்டிக்கொண்டிருந்தான்.

“பெயிண்டு காயல அண்ணி, ஆடு மிதிச்சிடும்னு நிக்கிறேன். பசங்க இப்பதான் ஷிப்டுக்குப் போனானுங்க, நான் லீவு போட்டுட்டேன்.”

“யாரக் கேட்டு செஞ்சீங்க?”

“நீ ஒண்டியா வந்து கஷ்டப்படுவியேன்னு…”

“நான் கஷ்டப்பட்டா உனக்கு இன்னா?”

பக்கத்துக் கல்லறையில் மெழுகுவர்த்தி நட்டுக்கொண்டிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது. அவள் வாளியைக் கீழே வைத்தாள். வெள்ளை அடித்ததை விடு, இந்த மஞ்சள் எதற்கு என்று கேட்டாள். அவன் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னான். லைனில் ஒவ்வொருவனுக்கும் தரையில் இப்படி ஒரு மஞ்சள் கட்டம் உண்டு. கார் சீட்டுகள் பெல்ட்டில் நகர்ந்து வந்துகொண்டே இருக்கும், கட்டத்துக்குள் நிற்கிறவன் போல்ட்டை முடுக்கி அனுப்பிக்கொண்டே இருப்பான். ரிலீவர் வந்து தோளைத் தொட்டு இடத்தை வாங்கினால்தான் அவன் கோட்டைத் தாண்டி ஒண்ணுக்குப் போக முடியும். ரிலீவருக்கு எல்லார் வேலையும் தெரிந்திருக்க வேண்டும். முன்பு இரண்டு பேர் இருந்தார்கள். லைன் வேகத்தைக் கூட்டியபோதே ஒருவரை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஞானதாஸ் மட்டும்.

“அண்ணாத்த கட்டத்துல இப்ப வேற ஆளு நிக்கிறான் அண்ணி. அதான் அவுரு எடத்த இங்க போட்ருவோம்னு பசங்க சொன்னானுங்க. கேட்காம எவனும் உள்ள கால வெக்க மாட்டான்.”

“செத்தும் அவுர லைன்லயே நிக்க வெச்சிட்டீங்க” என்றாள் பிரிசில்லா.

அவன் முகம் மாறியது. அந்தக் கோட்டை அவர்கள் யாரும் அப்படிப் பார்த்திருக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அன்போடு செய்திருக்கிறார்கள், அளந்து, கயிறு கட்டி, ஷிப்டுக்குப் போகிற அவசரத்துக்கு நடுவில். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. இத்தனை மாதமாகக் கேட்காமல் வைத்திருந்ததை அப்போது கேட்டாள்.

“அவுரு சோத்தாங்கை நகத்த வெட்டினது யாரு?”

ஞானதாஸ் குச்சியைக் கீழே போட்டான். “நான்தான். டீ டைம்ல. என் நகவெட்டிய கேட்டாரு. பீச்சாங்கையால அழுத்த முடியல, மரத்தாப்ல கீதுன்னாரு. நான் வாங்கி வெட்டிவுட்டேன்.”

படியில் உட்கார்ந்து நகவெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவன் அவள் கண் முன்னால் வந்தான். ஹார்ன் அடித்ததால் எழுந்து போனான் என்றல்லவா நினைத்திருந்தாள்.

“எத்தினி நாளா?”

கொஞ்ச நாளாகவே என்றான். கை வலி என்பான், தோளில் ஏறுகிறது என்பான். ஞானதாஸ் எதையாவது சாக்குச் சொல்லி அடிக்கடி அவன் இடத்தை வாங்கிக்கொண்டு, அட்டைப்பெட்டிக்குப் பின்னால் உட்கார வைப்பானாம். டாக்டரிடம் போகலாம் என்று கூப்பிட்டதற்கு, ஷிப்டு மாறட்டும் என்று சொன்னானாம்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“அவகிட்ட சொல்லாதடா, வேலைய வுடச் சொல்லுவான்னாரு.”

சொல்லித்தான் இருப்பாள். சத்தம் போட்டு, ஷூவைப் பிடுங்கி ஒளித்து வைத்திருப்பாள். தன்னை அவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருந்தவன், அதைப் போய் இவனிடம் சொல்லியிருக்கிறான். அவள் கல்லறையின் தலைமாட்டைப் பார்த்தபடி, அன்றைக்கு என்ன நடந்தது, முழுசாகச் சொல் என்றாள். ஞானதாஸ் சுற்றி வளைக்கவில்லை.

“லைட்ட போட்டாரு அண்ணி. ஆளு வேணும்னா போடுற லைட்டு. நான் அந்தக் கோடியில ஒர்த்தன பாத்ரூமுக்கு அனுப்சிட்டு அவன் வேலைய பாத்துகினு இருந்தேன். வர்றேன்னு கைய காட்னேன். செரின்னு தலைய ஆட்னாரு. அவன் வந்ததும் ஓடினேன். அதுக்குள்ள…”

“லைன நிறுத்துற கயிறு ஒண்ணு கீதுன்னு சொல்லுவியே, ஷாரோன்கிட்ட.”

“கீது. தலைக்கு மேலயே தொங்கும்.”

“இழுக்கலையா?”

“இயித்தா மொத்த லைனும் நின்னுடும். போர்டுல அவுரு நம்பர் செவப்பா எரியும். எல்லா அதிகாரியும் வந்துடுவான். யாரும் இயிக்க மாட்டோம் அண்ணி. நான் வந்துடுவேன்னு நெனச்சிருப்பாரு.”

தூரத்தில் ஒரு குழந்தை மெழுகுவர்த்திக்கு அடம்பிடித்துக்கொண்டிருந்தது. உன்னால்தான் போனார் என்று அவள் சொல்வாள் என அவன் எதிர்பார்த்து நின்றான். சொன்னால் அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். அவளுக்கு அது தோன்றவே இல்லை. கடைசியாகக் கிருபாகரன் திரும்பிப் பார்த்த முகம் எது, தலையை ஆட்டியது யாருக்கு, எவன் வருகைக்காக அந்தக் கட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தான் என்பதே அவள் நெஞ்சில் சுற்றிச் சுற்றி வந்தது.

“கடைசியில உனக்காகத்தான் காத்துகினு இருந்திருக்காரு” என்றாள்.

ஞானதாஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவள் அழவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டி உள்ளே போய், முட்டி போட்டு உட்கார்ந்தாள். மட்டையைச் சுண்ணாம்பில் முக்கி மஞ்சள்மேல் அழுத்தி இழுத்தாள். ஈரப் பெயிண்ட் மட்டையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. சுண்ணாம்பு எண்ணெய்ப் பெயிண்டில் நிற்காமல் முத்து முத்தாகத் திரண்டு இரண்டு பக்கமும் வழிந்தது. மறுபடி இழுத்தாள். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை வந்தாள், அடுத்த பக்கம் திரும்பினாள். புடவை முழுக்க வெள்ளையும் மஞ்சளுமாகிவிட்டது. தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. அவள் வாய்விட்டு மூச்சு வாங்குவதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

“குடு அண்ணி, நான் இயிக்கிறேன்” என்று கையை நீட்டினான்.

அவள் கொடுக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை. தூறல் விழத் தொடங்கியது. பக்கத்துக் குடும்பங்கள் மெழுகுவர்த்திகளை எடுத்துக்கொண்டு கோயில் பக்கம் ஓடின. கலைந்துபோயிருந்த ஆடுகள் ஒன்றிரண்டு திரும்பி வந்தன. அவள் பூசிய சுண்ணாம்பு பாலாகக் கரைந்து சிமெண்டிலிருந்து மண்ணுக்கு இறங்கியது. அவன் நீட்டிய கையை மடக்காமல் நனைந்துகொண்டு நின்றான். அவன் ஷூ முனைக்கும் மஞ்சள் கோட்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்தது.