மூன்று வெள்ளை

“என் சைக்கிளை இறக்கிக் குடுங்கப்பா.”

இதை மட்டும் அப்பாவிடம் நேராகக் கேட்டுவிடாதே என்று அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியெல்லாம் காதில் ஓதிக்கொண்டே வந்தாள். எங்கள் வீட்டில் அப்பாவிடம் கேட்க வேண்டியதை அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். அம்மா அதற்குச் சர்க்கரை தடவி, அவர் சாப்பிட்டு முடித்த நேரம் பார்த்து உள்ளே தள்ளுவாள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கைக்கட்டோடு வாசற்படி தாண்டியதும் நிமிர்ந்து பார்க்கிறேன், முன்னறைக் கூரையில், சுவரை ஒட்டி ஒரு கப்பி, கப்பியில் கயிறு, கயிற்றில் என் சைக்கிள், கசாப்புக் கடை ஆடு மாதிரி தலைகீழாக, முன் டயர் கீழே. செருப்பைக் கழற்றாமலே கேட்டுவிட்டேன்.

அப்பா உயரமான கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். ஒரு பலகையில் உட்கார்ந்து கயிற்றில் தொங்கியபடி பத்தாவது மாடிக்கு வெள்ளை அடிப்பார். ஒருநாளும் விழுந்ததில்லை. அப்படி அவர் தொங்கிய காசில் படித்து, எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டம் வாங்கி, தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குப் போய், சைக்கிள் வாங்கி, மலைப்பாதையெல்லாம் ஏறி இறங்கிய நான், சிக்னலில் நின்ற இடத்தில் விழுந்தேன். என்னுடையது ஷூவைப் பெடலோடு மாட்டிக்கொள்ளும் வகை. நிறுத்தும்போது குதிகாலைத் திருகிக் கழற்ற வேண்டும். மறந்துவிட்டேன். வெட்டின மரம் மாதிரி நிதானமாகச் சாய்ந்தேன். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் காறை எலும்பு, இடது பக்கம், இரண்டு துண்டு. பக்கத்தில் நின்ற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு டிக்கெட் காசு வசூலாகியிருக்கும்.

“நான் அந்தரத்துல தொங்கி உன்னைப் படிக்க வெச்சது, நீ தரையில விழுறதுக்கா?” என்றார் அப்பா.

“தரையில விழுந்ததாலதான் எலும்போட போச்சு. நீங்க விழுந்தா என்ன மிஞ்சும்?”

“வாயைக் கழுவுடி!” என்றாள் அம்மா.

அப்பா கோபப்படவில்லை. தொங்கிக்கொண்டிருந்த டயரைப் பார்த்தார், என் கைக்கட்டைப் பார்த்தார். “சரி. உன் இடது கையால அந்த டயரைத் தொடு. தொட்ட அன்னிக்கு நானே இறக்கித் தரேன். அதுவரைக்கும் இந்தப் பேச்சு வேணாம்.”

“வாக்கு மாறக் கூடாது.”

“பெயிண்டர் வாக்கு. ரெண்டு கோட்டிங்.”

அதன்பிறகு நான் வீட்டின் பொதுச் சொத்தானேன். அம்மா தலை பின்னிவிட்டாள், முடியோடு கொஞ்சம் மூளையும் சேர்ந்து வரும்படி. மருத்துவர் வேலைக்குப் போகலாம் என்றதும் காலையும் மாலையும் அண்ணன் காரில் ஏற்றி இறக்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு சிக்னலிலும் காரை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்புவான்.

“பார்த்தியா டிகிரி, நின்னுட்டேன். விழுந்தேனா?”

கைக்கட்டைக் கழற்றியதும் பிசியோ அக்காவிடம் அனுப்பினார்கள். என்னைவிடக் கறாரான ஆள். சுவர் எதிரே நின்று, விரல்களாலேயே எறும்பு ஊர்கிற மாதிரி மேலே ஏற வேண்டும், முடிந்த இடத்தில் நின்று மூச்சு விட வேண்டும், இதுதான் பயிற்சி. வலிக்குமா என்று கேட்டேன். “வலிக்கும். அழு, ஆனா கையை இறக்காதே” என்றாள்.

வேறு சுவரா கிடைக்காது? சைக்கிளுக்கு நேர் கீழேயே நின்றேன். தினமும் மாலை வேலை முடிந்து வந்து, டியூப்லைட் வெளிச்சத்தில் ஏறுவேன். உச்சிக்குப் போனதும் விரல்கள் தடுமாறிச் சுவரைப் பிறாண்டும். வியர்வையும் அழுக்குமாக அந்த இடம் கறுத்துப்போகும். அப்பாவுக்கு வீட்டில் சாப்பாடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சுவரில் கறை இருக்கக் கூடாது. வேலை நடக்கும் இடத்தில் மிஞ்சிய பெயிண்டைக் கொண்டுவந்து, கறுத்த இடத்தை மட்டும் அடித்துவிடுவார். எப்போது அடிப்பார் என்று தெரியாது. நான் வேலையிலிருந்து வரும்போது காய்ந்திருக்கும்.

எத்தனை நாள் ஏறினாலும் நடுவிரலுக்கும் டயருக்கும் நடுவே ஒரு சாண். முந்தின வாரமும் ஒரு சாண். அதற்கு முந்தின வாரமும் அதே சாண். கட்டிலில் கிடந்து அழுதேன், கையை இறக்கிவிட்டுத்தான்.

பிசியோ அக்கா நேற்று மாலை என் கையைத் தூக்கிப் பார்த்தாள். அது காதை உரசிக்கொண்டு நேராக மேலே போனது.

“இதுக்கு மேல கை போகணும்னா நீ வளரணும். வீட்டுல ஏன் எட்டலைங்கறே?”

“தெரியலக்கா. ஒரு சாண் குறையுது.”

“எலும்பு நல்லாக் கூடிடுச்சுன்னு டாக்டரும் சொல்லிட்டார். சமமான ரோட்டுல ஓட்டு. மறுபடி நின்ன இடத்துல விழுந்தா என்கிட்ட வராதே, சிரிப்பு வந்துடும், வைத்தியம் வராது.”

வெளியே வந்து காரில் ஏறியதுமே அண்ணனிடம் சொல்லிவிட்டேன், நாளையிலிருந்து வராதே, நான் சைக்கிளில் போகிறேன் என்று. “சைக்கிள் கூரையில இருக்கு டிகிரி” என்றான். “இறங்கும்” என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

இன்று காலை அந்தச் சுவர் முன்னால் போய் நின்றேன். காலையில் அங்கே நின்றதே இல்லை. ஜன்னல் வழியாக வெயில் சுவரைச் சாய்வாகத் தடவிக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு அது வெள்ளைச் சுவர். பெயிண்டர் மகளுக்கு வெள்ளையில் வகை தெரியும். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று திட்டுகள். கீழே பால் வெள்ளை, அதற்கு மேல் லேசாக நீலம் ஓடியது, அதற்கும் மேல் தந்த நிறம் தட்டியது. மூன்றும் மூன்று வாரங்களில் என் விரல்கள் தடுமாறிய உச்சிகள். கை படிப்படியாக ஏறியிருக்கிறது. பிறகும் அதே ஒரு சாண் என்றால், கூட ஏறியது யார்?

“அப்பா!”

அப்பா துண்டும் கையுமாக வந்தார். சுவரைப் பார்த்தார். பல வெள்ளை பார்த்த கண் அல்லவா, உடனே புரிந்துகொண்டது.

“கயிறு தளர்ந்திருந்துச்சு. இழுத்துக் கட்டினேன்.”

“தளர்ந்தா இறங்கும்பா. ஏறாது.”

அப்பாவின் பார்வை ஜன்னல் கம்பிக்கு, கயிற்றின் முடிச்சுக்குப் போனது.

“ஒவ்வொரு தடவையும் பெயிண்ட் அடிச்சுட்டு, ஏணியிலேருந்து இறங்கினதும் கயித்துல ஒரு இழுப்பு. அப்படித்தானே? ஏணியை யாரு புடிச்சா?”

அம்மாவுக்குச் சமையலறையில் அவசர வேலை வந்துவிட்டது.

“டயரைத் தொடலையே நீ” என்றார் அப்பா, குரலில் பாதிதான் இருந்தது.

இடது கையைத் தூக்கினேன். வலித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, கையை இறக்கவில்லை. உள்ளங்கையைத் தந்த வெள்ளையின் மேல் பதித்தேன். “முதல் வாரம் பால் வெள்ளைக்கு மேல ஒரு சாண்ல டயர். அப்படின்னா நீங்க வாக்கு குடுத்த அன்னிக்கு அது இந்த நீல வெள்ளைக்கு நேரா இருந்துச்சு. அதைத் தாண்டிட்டேன். ஏமாத்தணும்னா ஒரே டப்பாவுல பெயிண்ட் எடுத்திருக்கணும்.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. மறைக்கத் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு கையை என் தோளருகே கொண்டுவந்தார், எலும்பு கூடின இடத்தில் சின்னதாக மேடு தட்டியிருக்கிறதே, அதைத் தொடாமலே எடுத்துக்கொண்டார்.

“பயமா இருக்குதும்மா.”

“நீங்க தினம் கயித்துல ஏறும்போது எங்களுக்கு மட்டும் குளுகுளுன்னா இருக்கு? உங்க கயித்தை நான் என்னிக்காவது ஒளிச்சு வெச்சேனா?”

ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த முடிச்சில் கை வைத்தேன்.

“தள்ளு, தள்ளு. பாரம் உன் தோள்ல விழக் கூடாது.” அவரே பிடித்தார். பத்து மாடி பார்த்த கைகள். சைக்கிள் சத்தமில்லாமல் இறங்கித் தரை தொட்டது.

“டயர்ல காத்து இல்ல” என்றார், கடைசி நம்பிக்கையோடு.

“தெருமுனையில அடிச்சுக்கறேன்.”

“அந்த ஷூ மாட்டுற பெடலையாவது…”

“மாத்த மாட்டேன். கழட்டக் கத்துக்கறேன்.”

“இன்னிக்கு மட்டும் அண்ணன்கூட போயேன்டி” என்று சமையலறை கெஞ்சியது.

“நேத்தே வேணாம்னு சொல்லிட்டேன்” என்று கதவைத் திறந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தேன்.