மத்தியானப் பனி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை என் வீட்டுக்காரரே எல்லோரிடமும் சொல்லிவிடுவார். ஆனால் அந்த ஈயைப் போல என் பொறுமையைச் சோதித்தவர் யாரும் இல்லை.

அரை அரிசி நீளம்தான் இருக்கும். பொன்பச்சை உடம்பு, நூல் மாதிரி நெட்டைக் கால்கள். பால்கனித் தொட்டிச் செடியில் இலைக்கு இலை தாவி இவருக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. ஃபிளாஷ் மின்னினால் போதும், படம் பதிவதற்குள் எழும்பிவிடும்.

பூச்சிகளைப் பெரிதாக்கிப் படம் எடுப்பதுதான் இவர் தொழில். முப்பது வருஷமாக எங்களுக்குச் சோறு போடுவது அதுதான். இப்போது தோட்டத்துப் பூச்சிகளைப் பற்றி ஒரு புத்தகம் வருகிறது. எல்லாப் பக்கத்திலும் இவர் எடுத்த படம், ஒரு பக்கம் மட்டும் காலி. வெள்ளிக்கிழமைக்குள் நெட்டைக்கால் ஈ வராவிட்டால் வேறு ஆளிடம் வாங்கிப் போட்டுக்கொள்வதாகப் பதிப்பக அம்மா சொல்லியிருந்தார். தன்மையாகத்தான் சொன்னார். இவருக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஈ வேகம்தான், ஒத்துக்கொள்கிறேன். போன வருஷமும் அது இதே வேகத்தில்தான் தாவியது. இவர் கைதான் போன வருஷத்துக் கை இல்லை. டீ கிளாஸைத் தூக்கினால் தட்டில் சிந்துகிறது. நான்தான் தளும்பத் தளும்ப ஊற்றிவிட்டேன் என்று பழியை என் மேல் போட்டுக்கொள்வேன். ஸ்டாண்டில் வைத்து எடுக்கலாமே என்றால், ஸ்டாண்டை நகர்த்துவதற்குள் ஈ நாலு இலை தாண்டியிருக்கும். கேமரா கையில்தான் இருந்தாக வேண்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் இவர் அசந்து படுத்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஈயை ஒரு சின்ன டப்பாவில் அமுக்கி, ஃபிரிட்ஜில் எட்டு நிமிஷம் வைத்தேன். குளிரில் பூச்சி மரத்துப்போய் அசையாது என்று இவர்தான் எப்போதோ சொன்னார். அப்படி எடுப்பவர்களைக் கண்டாலே இவருக்கு ஆகாது. தெரிந்தேதான் செய்தேன். ஈயை இலையில் விட்டு, அது தானாக வந்து நிற்கிறது என்று சொல்லி இவரை எழுப்பினேன்.

பதினோரு படம் எடுத்தார். ஆறு கச்சிதம். இவர் சிரித்துப் பார்த்து எத்தனை மாசம் ஆயிற்று! எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாயங்காலம் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார். திரை முழுக்க ஈயின் கண். அதன் மேல் பொடிப் பொடியாக நீர்த்துளிகள்.

"மத்தியானம் மூணு மணிக்குப் பனி எங்கேருந்து வந்துச்சு?"

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வேர்க்குமே, அந்த வேர்வை. கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். என் வாய் சும்மா இருக்குமா? ஈ நன்றாகத்தானே பறந்து போனது, துளியை எவன் பார்க்கப் போகிறான் என்று பொரிந்து தள்ளினேன். முடிக்கும் வரை காத்திருந்தார்.

"ஈ நிக்கணும்னு நீ இதைச் செய்யல. என் கை நடுங்குறது எனக்குத் தெரியக் கூடாதுன்னு செஞ்சிருக்க."

அழுதுவிட்டேன். பதினோரு படத்தையும் இவர் என் கண் முன்னாலேயே அழித்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் என்னைத் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்காரச் சொன்னார். பின்னால் மண்டியிட்டு, கேமரா பிடித்த கையை என் தோளில் ஊன்றினார். நடுக்கம் என் எலும்புக்குள் இறங்கியது. ஐயோ, இவ்வளவா! இத்தனை நாளும் சிந்திய டீயைத்தான் பார்த்திருந்தேன்.

"ரொம்ப நடுங்குதா?"

ஆறு மாசமாகக் கேட்டபோதெல்லாம் இல்லவே இல்லை என்று சாதித்தவள் நான்.

"ஆமாங்க. ரொம்ப."

"சரி. அப்ப நீ கெட்டியா இரு."

வெயில் உச்சிக்கு வரும்வரை அப்படியே இருந்தேன். கால் மரத்துப்போயிற்று. இருநூறு படத்துக்கு மேல் எடுத்ததில் ஒன்று தேறியது. அதிலும் ஒரு பின்னங்கால் மங்கல். அசைந்தது ஈயா, இவர் கையா, என் தோளா, தெரியாது. அதையே அனுப்பினார். பதிப்பக அம்மா எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் டீ ஊற்றும்போது கிளாஸை என் பக்கம் நகர்த்தி, "பாதி ஊத்து, போதும்" என்றார்.