தங்கபுஷ்பத்துக்குத் துட்டி

இசக்கிதுரை நாவல் எழுதுகிறான் என்பது மாட்டுங்கா லேபர் கேம்ப்புக்கே தெரியும். இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதும் தெரியும். கதையை முழுசாகக் கட்டி முடித்த பிறகுதான் பேனாவைத் தொடுவேன் என்று அடம்பிடித்தான். தாராவிப் பட்டறையில் பை தைக்கிறவன், தோலை வெட்டி முடிக்காமல் எப்படித் தைப்பான்?

கதாநாயகி தங்கபுஷ்பம், இட்லி விற்றுத் தங்கையைப் படிக்கவைத்தவள். பட்டறைக் கூட்டாளி பூலோகம் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதாம்ல. ஒருத்திக்கும் உயிரே இல்லியே," என்றான். பாவிப்பயல், சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். இசக்கிதுரைக்கு அதற்கப்புறம் சோறே இறங்கவில்லை. உயிரில்லாத நாவலை எழுதுவதற்கு எழுதாமலே இருந்துவிடலாம் என்று நொந்துபோனான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு முடிவுக்கு வந்தான்.

"தங்கபுஷ்பத்தக் கொன்னுரலாம்னு இருக்கேன். இட்லி கொண்டுபோற எடத்துல லிஃப்ட் அறுந்து விழுது," என்று மனைவி முத்துமாரியிடம் சொன்னான்.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கண்ணைத் துடைத்தாள். வெங்காயத்தின் வேலை என்று நினைத்துக்கொண்டான். தண்ணீர்க் குழாயடியில் குடம் நிறைகிற நேரத்தில் அவள் தினமும் இந்தக் கதையைத்தான் பெண்களுக்குச் சொல்லிவருகிறாள் என்பது அந்த மனுஷனுக்குத் தெரியாது.

மறுநாள் ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு திரும்பினால், வாசல் நிறையச் செருப்பு. உள்ளே பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு ஃபர்ஸானா டீயும் பாவ் ரொட்டியும் கொண்டுவந்து வைத்திருந்தாள். அடுப்பு பற்றவைக்கவில்லை. கறிப்பையோடு செருப்புகளைத் தாண்டி உள்ளே ஓடினான்.

"ஊர்ல யாருக்கு என்னாச்சு?"

"ஊர்ல ஒண்ணுமில்ல. தங்கபுஷ்பம் போயிட்டால்லா," என்றாள் முத்துமாரி.

"ஏட்டி, அவ கதையில வாரவ."

"அதுக்கு? தெனமும் பேசிப் பழகின பிள்ள. துட்டி வீட்ல கறிக்கொழம்பு கொதிக்கணுமோ?"

இசக்கிதுரை கையிலிருந்த கறியைப் பார்த்தான். நல்ல தொடைக்கறி.

"சரி, சாகல. சயான் ஆஸ்பத்திரியில பொழச்சிக்கிட்டா," என்றான்.

"அதெல்லாம் ஆகாது அண்ணாச்சி," என்றாள் ஃபர்ஸானா. "இவ்வளவு நேரம் அழுதிருக்கோம். இப்ப அவ எந்திரிச்சு வந்தா நாங்க மூஞ்சிய எங்க கொண்டு வைக்க? இனி அந்தத் தங்கச்சிக்காரிய யாரு பாப்பான்னு யோசிங்க."

சொல்லிவிட்டுக் கறிப்பையை வாங்கித் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கப் போனாள். அவள் வீட்டில் துட்டி இல்லையே.

அந்த நேரம் பார்த்து பூலோகம் வந்தான். அவன் பெண்டாட்டியும் குழாயடியில் கதை கேட்கிறவள்தான். வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்த பெயிண்ட் டப்பாவின்மேல் உட்கார்ந்து, தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். கண் சிவந்திருந்தது.

"நல்ல பொம்பளைல," என்றான்.

இசக்கிதுரை விடுவானா? "உயிரே இல்லன்னு நீதான சொன்ன?"

"இருந்திருக்கு. இப்பதான போச்சு," என்றான் பூலோகம்.

ஆறிப்போன டீயை இரண்டு பேரும் குடித்தார்கள். பிறகு பூலோகம், துட்டி வீட்டு முறைப்படி, போயிட்டு வாரேன் என்று சொல்லாமலே எழுந்து போனான். இசக்கிதுரை துக்கவீட்டில் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, உள்ளே போய்ப் பேனாவைத் தேடினான்.