மகள் பெயரில் ஒரு மரவட்டை

"உலகத்துல உனக்கு வேற பூச்சியே கிடைக்கலையாடி? என் புள்ள பேர்லதான் கைவைக்கணுமா?"

அக்காவின் குரல் மூன்று வீடு தாண்டிக் கேட்டது. வழியில் இருந்த ஜன்னல்களெல்லாம் காற்றுக்காகத் திறந்தவை என்றே வைத்துக்கொள்வோம்.

"அது புது இனமே இல்லைக்கா. எல்லா ஊர்ப் பூந்தொட்டியிலயும் ஊருற சாதாரண மரவட்டை" என்றாள் தங்கை.

"அப்போ உங்க மாமா பொய் சொல்லிட்டாரா?"

அக்காவின் கணவரான மாமா, யார் வீட்டுச் சண்டையோ என்பதுபோல் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமாவும் மச்சினியும் ஒரே அருங்காட்சியகத்தில் வேலை. செடித்தொட்டி மண்ணோடு கப்பலேறி உலகமெல்லாம் குடியேறிவிட்ட ஒரு மரவட்டைக் குடும்பத்தை வகைபிரிப்பதுதான் இருவருக்கும் பிழைப்பு. பெண்ணையும் இளசையும் வைத்துக்கொண்டு இன்ன இனம் என்று சொல்ல முடியாது. வளர்ந்த ஆணின் ஏழாவது வளையத்தில் நடக்க உதவாத கால்கள் உண்டு. இணைசேர மட்டுமே பயன்படும். அவற்றின் வடிவம்தான் ஜாதகம். 'இவ்வளவு படிச்சிட்டு அதைப் போயா பாக்குறாங்க?' என்று தெரு சிரித்ததுண்டு. மாமாவின் மகள் செத்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாமா வெளியே பூந்தொட்டிகளைக் கிளறிக்கொண்டிருந்தார். வேறென்ன செய்வார், பாவம். அகப்பட்ட ஒரே ஓர் ஆணைப் புது இனம் என்று எழுதி, மகள் பெயரைச் சூட்டினார். அந்த ஏழாவது வளையக் காலின் நுனியில் வழக்கமான கொக்கி இல்லை என்பதே ஆதாரம். ஆய்விதழில் அச்சான பக்கத்தைச் சட்டம் போட்டு மகளின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள் அக்கா.

அந்த மரவட்டைக் குடும்பம் முழுவதையும் திருத்தி எழுதும் வேலை இப்போது தங்கையின் தலையில் விழுந்தது. மாமா அந்த மரவட்டையைப் போட்டுவைத்திருந்த குப்பியைத் தட்டில் கவிழ்த்தாள். நுண்ணோக்கியின் அடியில், தூசி மாதிரி ஒரு துணுக்கு. கொக்கி. இடுக்கி பட்டு ஒடிந்திருந்தது. ஒடிந்த இடத்தில் வைத்தால் கச்சிதமாகப் பொருந்தியது. மற்ற ஆய்வாளர்கள் வைத்த பெயர்களை ஈவிரக்கமில்லாமல் தள்ளியவள்தான். இதை மட்டும் எப்படி விட்டுவைப்பது? எப்படித் தள்ளுவது?

"பேர் அழியாதுக்கா. அந்தச் சாதாரண மரவட்டையோட பழைய பேருக்குக் கீழே, செல்லாத பேர்களோட சேர்ந்து இருக்கும்" என்றாள் இப்போது.

"செத்தும் செல்லாக்காசாடி அவ?"

தங்கை மாமாவின் பக்கம் திரும்பினாள். "மாமா, கொக்கி குப்பியிலயே கிடந்துச்சு. நீங்க பாக்கலைன்னு சொல்லுங்க, போதும்."

மாமா நிமிரவில்லை. "பார்த்தேம்மா. அன்னிக்கே பார்த்தேன்."

"தெரிஞ்சேவா?" அக்காவின் குரல் முதல் முறையாக ஜன்னலைத் தாண்டவில்லை.

"'எனக்குன்னு ஒண்ணு கண்டுபிடிச்சியாப்பா'ன்னு தினம் கேட்டா. கையில இருந்தது அது ஒண்ணுதான்." பிறகு மச்சினியிடம், "எழுதிடு" என்றார்.

"எழுதினா இந்த வாசப்படி மிதிக்காதே" என்றாள் அக்கா.

தங்கை எழுதினாள். மகளின் பெயர் சின்ன எழுத்தில் ஒரு வரியாகப் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு தங்கை, சிலந்தி ஆராயும் ஒருவரைக் கட்டிக்கொண்டு கடல் கடந்து போய்விட்டாள். கல்யாணத்துக்கு அக்கா போகவில்லை. அக்கா இப்போது தம்பி வீட்டில், படமும் சட்டமுமாக. மாமா மட்டும் அதே வீட்டில் இருக்கிறார். பின்னறை இரண்டையும் வாடகைக்கு விட்டிருக்கிறார். வந்தவர்களுக்குக் குழந்தை இல்லைதானே என்று இருமுறை விசாரித்த பிறகுதான் சாவியைக் கொடுத்தாராம்.